ஆசனம் தொடங்கும் முன் கழுத்தைக் கவனியுங்கள், தருமபுரிக்காரர்களே

தருமபுரியில் யோகா, இயற்கை மருத்துவம் பார்க்கிறேன். முதுகு வலி, கழுத்து இறுக்கம் என்று வருகிறவர்களில் பலர் செல்போனில் பார்த்து ஏற்கெனவே ஆசனங்களைத் தொடங்கியிருக்கிறார்கள். பாதஹஸ்தாசனம், ஹலாசனம், கபாலபாதி, கும்பகம் என்று பெயர்களும் சரளமாக வருகின்றன. ஆர்வம் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு பயிற்சியும் உடம்பிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. அதைக் கொடுக்கும் நிலையில் நம் உடம்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருப்பதற்குக் காரணம் தண்ணீர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து இயற்கையாகக் கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். "எங்க ஊர்த் தண்ணி அப்படிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பல்லில் தெரிவது கொஞ்சம்தான். வருடக்கணக்கில் குடித்தால் ஃபுளோரைடு எலும்பிலும் சேர்கிறது. எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் நார்கள் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போகின்றன. முதுகெலும்பு வளைய மறுக்கிறது. சிலருக்குத் தண்டுவடம் போகும் பாதையே குறுகிவிடுகிறது. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பே நடுவயதைத் தொட்டவர்களின் எலும்பில் பழைய தண்ணீரின் பங்கு இன்னும் இருக்கலாம்.

இப்படி ஃபுளோரைடு சேர்ந்து எலும்பு பாதிக்கப்படும் நோய்க்கு எலும்பு ஃபுளோரோசிஸ் என்று பெயர். அது இருக்கிறதா என்று கிராமங்களில் பார்க்க எளிய சோதனைகள் மூன்று உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் நாணயத்தை எடுப்பது, முகவாயை நெஞ்சில் தொடுவது, இரண்டு கைகளையும் மடக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது. இவற்றை அப்படியே யோகா வகுப்பில் பாருங்கள். முதலாவது கிட்டத்தட்ட பாதஹஸ்தாசனம். இரண்டாவது ஜாலந்தர பந்தம். நோயைக் கண்டுபிடிக்கும் அசைவும் வகுப்பில் கற்றுத்தரும் அசைவும் ஒன்றாக இருக்கும்போது, குனிய முடியாதவரிடம் "பழகினால் வந்துவிடும், இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள்" என்று சொல்வது ஆபத்து. சுண்ணாம்பு படிந்து விறைத்த நார் பழக்கத்தால் இளகாது.

பதஞ்சலி யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில், அதாவது இரண்டாம் பகுதியில், ஆசனத்துக்குச் சொல்லும் இலக்கணமே ஸ்திரமும் சுகமும்தான். அதற்கு அடுத்த சூத்திரம் முயற்சியைத் தளர்த்தச் சொல்கிறது. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டு நிற்பது அந்த நூலின் கணக்கில் ஆசனத்தில் சேராது. இதை யோகா கற்றுத்தரும் ஒவ்வொருவரும் முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யோகத்தின் எட்டு அங்கங்களில் முதலாவது யமம் என்னும் ஒழுக்கம்; அந்த யமத்தின் முதல் சொல் அஹிம்சை. அது நம் சொந்தக் கழுத்துக்கும் பொருந்தும்.

நான் அதிகம் பயப்படுவது, மல்லாந்து படுத்துக் கால்களைத் தலைக்குப் பின்னால் தரைக்குக் கொண்டுபோகும் ஹலாசனத்துக்கும், கால்களை நேரே மேலே தூக்கி நிறுத்தும் சர்வாங்காசனத்துக்கும்தான். இரண்டிலும் கழுத்து முழுதாக மடங்கி, உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி தோளிலும் கழுத்தின் அடியிலும் இறங்கும். தண்டுவடப் பாதை குறுகியிருப்பவருக்கு அந்த மடிப்பு நரம்பை நசுக்கலாம். கை விரல்கள் மரத்துப்போவது, சட்டைப் பட்டன் போடத் தடுமாறுவது, காலிலிருந்து செருப்பு நழுவியது தெரியாமலே நடப்பது, நடையில் தள்ளாட்டம் இதில் ஏதாவது இருந்தால் எந்த ஆசனமும் வேண்டாம். முதலில் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களும் தலைகீழ் ஆசனங்களைத் தொடக்கூடாது.

அப்புறம் கும்பகம். மூச்சை உள்ளே இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், விடுவது ரேசகம். இந்த மூன்றுக்கும் திருமூலர், மாத்திரை என்ற பழைய கால அளவில், 16, 64, 32 என்று கணக்கு சொல்கிறார். இதைக் கேட்டுவிட்டு மாத்திரைக்குப் பதில் நொடி முள்ளைப் பார்த்து 64 விநாடி மூச்சை அடக்க முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைச் செய்யவே கூடாது. மற்றவர்களுக்கும் அது பயிற்சியின் கடைசிப் படி. ஹட யோக பிரதீபிகை என்ற பழைய யோக நூல், பூரகத்தின் முடிவில் ஜாலந்தர பந்தம் போடச் சொல்கிறது. அதாவது முகவாய் நெஞ்சுக்கு வர வேண்டும். கழுத்து மடங்காதவருக்கு அந்தப் படியே மூடியிருக்கிறது. சிங்கம், யானை, புலியைப் பழக்குவது போல மூச்சை மெல்ல மெல்லத்தான் வசப்படுத்த வேண்டும், இல்லையென்றால் பழகுகிறவனையே அது கொன்றுவிடும் என்றும் அதே நூல் எச்சரிக்கிறது. தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் யானையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கபாலபாதியை எல்லோரும் பிராணாயாமம் என்கிறார்கள். பிரதீபிகை அதை தௌதி, நேதி, நௌலி முதலியவற்றோடு சேர்த்து ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில் ஒன்றாகத்தான் வைக்கிறது. வயிற்றை வேகமாகச் சுண்டி இழுக்கும் பயிற்சி என்பதால் கர்ப்பிணிகள், குடலிறக்கம், வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள், வயிற்றில் சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் அதை விட்டுவிட வேண்டும்.

சரி, கழுத்தும் முதுகும் விறைத்தவர்கள் என்னதான் செய்வது? நாற்காலியில் அமர்ந்து தோள், மணிக்கட்டு, கணுக்கால் அசைவுகள் செய்யலாம். சவாசனம், மூச்சை நிறுத்தாமல் மூக்கின் இரண்டு துளைகளிலும் மாறி மாறி மூச்சு விடும் நாடி சுத்தி, வண்டு போல ரீங்கரித்து மூச்சை விடும் பிராமரி இவை போதும். வலி வரும் எல்லைக்கு முன்பே நிறுத்துங்கள். சாப்பாட்டில் பால், தயிர், கேழ்வரகு சேருங்கள். கால்சியம் இருந்தால் குடலிலிருந்து ரத்தத்தில் ஃபுளோரைடு ஏறுவது குறையும்.

எந்த ஆசனமும் எலும்பில் சேர்ந்த ஃபுளோரைடை வெளியேற்றாது. அதனால் இன்னமும் போர் தண்ணீர் குடிக்கிறவர்கள் அதை மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். சாதாரண கேண்டில் ஃபில்டரிலும் போகாது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வாரத்தில் சில நாள்தான் வருகிறது என்றால், அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.