கோதுமை தாங்கிய கதவு

வட அமெரிக்கச் சமவெளிகளில் விளைந்த கோதுமை, 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், தானியத்துக்கென்று செய்யப்படாத ரயில் வண்டிகளிலேயே துறைமுகம் போய்ச் சேர்ந்தது. 40 அடி நீளமுள்ள சாதாரண மூடிய சரக்குப் பெட்டி ஆண்டு முழுவதும் மரப்பலகை, மூட்டை, இயந்திரம் என்று எதையும் சுமக்கும். அறுவடை வந்ததும் அதே பெட்டியைத் தானியம் சிந்தாத கலமாக மாற்றியாக வேண்டும்.

முதலில் பெட்டியைத் தேர்ந்து பெருக்கினார்கள். பதப்படுத்தாத தோல், எண்ணெய், உரம் ஆகியவற்றைச் சுமந்த பெட்டி ஒதுக்கப்பட்டது. தானியம் வாடையை எளிதில் பற்றிக்கொள்ளும். பிறகு விரிசல்களைத் தேடினார்கள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றால், வெளிச்சம் நுழையும் இடமெல்லாம் கோதுமை வெளியேறக்கூடிய இடம். ஓடும் வண்டியின் அதிர்வில் தானியம் ஏறக்குறைய நீர்மம்போல நகர்வதால், சிறு ஓட்டையும் வழிநெடுகச் சிந்தவைக்கும். அவற்றைச் சாக்குத் துணியாலும் தாளாலும் அடைத்தார்கள்.

பெரிய ஓட்டை கதவுதான். பெட்டியின் நகரும் கதவு சுவருக்கு வெளிப்புறமாகத் தொங்குவது. உள்ளிருந்து தள்ளும் சுமையைத் தாங்க அது செய்யப்படவில்லை. எனவே கதவு நிலைகளின் உட்புறத்தில், ஒரு நிலையிலிருந்து மறுநிலை வரை பலகைகளைக் கிடைமட்டமாக வைத்து ஆணியடித்தார்கள். இதற்குத் தானியக் கதவு என்று பெயர். இதன் நுட்பம் முழுவதும் உட்புறமாக அடிப்பதில்தான் இருக்கிறது. 2 மீட்டர் உயரத்துக்குக் கோதுமை நிறைந்தால், 1.8 மீட்டர் அகல வாசலின்மேல் அது செலுத்தும் பக்கவாட்டு விசை, தோராயக் கணக்கில், ஒரு டன் எடைக்குச் சமம். மணிகளுக்கிடையே உராய்வு இருப்பதால் இது அதே உயரத் தண்ணீர் தரும் விசையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆயினும் வெளிப்புறத்தில் அடித்த பலகையை ஆணியோடு பிடுங்கப் போதுமானது. உட்புறப் பலகையையோ அதே விசை நிலைகளோடு சேர்த்து அழுத்துகிறது. சுமை ஏற ஏறக் கதவு இறுகுகிறது. ஆணிக்கு வேலை குறைகிறது. இந்த எளிமையை நான் மிகவும் மதிக்கிறேன். பிற்காலத்தில் எஃகுப் பட்டைகள் பதித்த கனத்த தாளே பலகையின் இடத்தைப் பிடித்தது.

வாசலின் மேற்பகுதியை மட்டும் திறந்து விட்டார்கள். எலிவேட்டர் எனப்படும் உயர்ந்த தானியக் கிடங்கின் குழாய் அதன் வழியே நுழைந்து கோதுமையைப் பொழியும். எவ்வளவு உயரம் நிரப்பலாம் என்பதற்குப் பெட்டியின் உட்சுவரில், தானியத்துக்குத் தானியம் வேறான கோடுகள் இருந்தன. புஷல் என்னும் முகத்தல் அளவில் ஒன்றுக்குக் கோதுமை 60 பவுண்டு, ஓட்ஸ் 32 பவுண்டு மட்டுமே. ஓட்ஸ் கூரையை நெருங்கும்வரை நிறையலாம். கோதுமையை அப்படி நிரப்பினால் அச்சு தாங்காது. சுமார் 2,000 புஷல், அதாவது ஏறத்தாழ 54 டன் கோதுமை, ஒரு நல்ல பெட்டியின் எல்லையாக இருந்தது.

ஏற்றும்போது உதவிய அழுத்தம் இறக்கும்போது எதிரியாயிற்று. கோதுமை அழுத்திப் பிடித்திருக்கும் பலகையை உள்நோக்கித் தள்ளித்தான் திறக்க முடியும். பிறகு மூலைகளில் தங்கியதை ஆட்கள் தூசிக்குள் நின்று மண்வெட்டியால் வாரினார்கள். பெரிய துறைமுகங்களில் பெட்டியையே சாய்த்துக் கொட்டும் எந்திரங்கள் வந்தன. அடிப்பக்கம் திறந்து தானாகக் கொட்டும் ஹாப்பர் வண்டிகள் 1960களிலிருந்து பழைய பெட்டிகளின் இடத்தைப் பிடித்தன. கனடாவில் 1972 முதல் அரசே அவற்றை வாங்கித் தந்தது. ஆனாலும் ஹட்சன் விரிகுடாவின் சர்ச்சில் துறைமுகத்துக்குச் செல்லும் பாதை, சதுப்பும் உறைமண்ணுமான தரையில் கிடந்ததால், கனத்த ஹாப்பர்களைத் தாங்கவில்லை. அங்கே பழைய பெட்டிகள் 1990கள் வரை கோதுமை சுமந்தன.