அணுகலும் அணுகல்தன்மையும்

ஆண்ட்ராய்டு போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள், ‘அணுகல்தன்மை’ என்று ஒரு பிரிவு இருக்கும். அக்சஸிபிலிட்டிக்கு, அதாவது உடல் குறைபாடு உள்ளவர்களும் தடையில்லாமல் பயன்படுத்த முடிகிற தன்மைக்கு, அங்கே வைத்திருக்கும் தமிழ் அது. நீளம்தான், வாயில் சட்டென்று வராதுதான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அக்செதெரே என்றால் ஒன்றை நோக்கிச் செல்வது. ஆங்கிலத்தில் வெகுகாலம் இது இடங்களுக்கான சொல்: போய்ச் சேர முடிகிற ஊர், ஏற முடிகிற குன்று. 1961இல் அமெரிக்காவில் ஏ117.1 என்று ஒரு கட்டடத் தரநிலை வந்தது. உடல் குறைபாடு உள்ளவர்களும் போய்வரும்படி கட்டடங்களை அமைப்பது பற்றியது, தலைப்பிலேயே இந்தச் சொல் உண்டு. சாய்தளம், கதவின் அகலம் என்று சிமெண்ட்டும் செங்கலுமாக இருந்த பேச்சு பிறகு இணையத்துக்கு வந்தது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1997இல் இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கி, 1999இல் முதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2023இல் வந்த 2.2 பதிப்பு. இதற்கிடையில் இந்த நீளச் சொல்லைத் தட்டச்சு செய்து அலுத்தவர்கள், முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 11 எழுத்து இருப்பதை எண்ணி ‘ஏ11ஒய்’ என்று சுருக்கிவிட்டார்கள். அதே கணக்கில் நாம் ‘அ5மை’ என்று எழுதலாம். வேண்டாம்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘அணுகு’ என்பது அண்மை, அண்டு, அண்டை வீடு எல்லாம் சேர்ந்த குடும்பம். (அணுகுண்டில் இருக்கும் அணு வடமொழி, அதற்கும் இதற்கும் உறவில்லை.) ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்று அரசரிடம் பழகும் விதத்தைச் சொல்ல வந்த வள்ளுவர் கையாண்டதும் இதே வினைதான். அதனால் வேர்ச்சொல்லில் யாருக்கும் தகராறு இல்லை. பின்னால் எதை ஒட்டுவது என்பதில்தான் குழப்பம்.

சிலர் ‘அணுகல்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அது அக்சஸ், அதாவது உள்ளே விடுவது. பூட்டாத கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவுக்கு முன்னால் ஐந்து படி இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது திறந்திருந்து என்ன பயன்? ‘அணுகுமுறை’ வேறு பொருளில் ஏற்கெனவே ஊறிப்போய்விட்டது. ‘மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி’ என்று எழுதுவதில்தான் எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் அது ஏதோ தனியாக ஒரு சலுகை மாதிரி ஒலிக்கிறது. ‘தன்மை’ என்று முடித்தால் பொறுப்பு இணையப் பக்கத்தின் மேல் விழுகிறது: வருகிறவரிடம் குறை இல்லை, இந்தப் பக்கத்துக்கு அந்தத் தன்மை இல்லை.

அந்தத் தன்மை எங்கே தொலைகிறது என்று பார்த்தால், பல நேரம் சிஎஸ்எஸ்ஸில்தான், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் நிரலில்தான். எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று காட்ட அதைச் சுற்றி வரும் வளையம் அசிங்கமாக இருக்கிறது என்று, அதை மறைக்க ‘அவுட்லைன் நன்’ என ஒரு வரி போட்டுவிடுவோம் (நானும் போட்டிருக்கிறேன்), அதோடு மவுஸ் இல்லாமல் டேப் விசையை மட்டும் நம்பி வருபவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். ‘ஃபோகஸ் விசிபிள்’ என்ற சிஎஸ்எஸ் வசதி வந்த பிறகு இதற்குச் சாக்கே கிடையாது. விசைப்பலகையில் வருபவருக்கு வளையம் தெரியும், மவுஸால் பொத்தானைச் சொடுக்குபவருக்குத் தெரியாது. பக்கத்தின் பகுதிகளைப் பெட்டிகளாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறைகளான ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இரண்டிலும் ‘ஆர்டர்’ கொடுத்துப் பெட்டிகளை இடம் மாற்றினால் கண்ணுக்கு மட்டும்தான் மாறும், டேப் விசையும், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானும் நிரலில் எழுதிய பழைய வரிசையிலேயே போகும். எழுத்தளவை பிக்சலில் பூட்டாமல் ‘ரெம்’ என்ற ஒப்பீட்டு அலகில் கொடுத்தால், உலாவியின் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு அது பெரிதாகவே தெரியும். அசைவு கண்டால் தலைசுற்றுகிறவர்கள் உண்டு, அவர்கள் தங்கள் கருவியில் அசைவைக் குறைத்து வைத்திருந்தால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் மீடியா குவெரி என்ற சிஎஸ்எஸ் நிபந்தனை ஒன்று இருக்கிறது. அப்புறம் அந்தச் சாம்பல் நிறம்! வெள்ளைப் பின்னணியில் #777 என்ற சாம்பல் நிறக் குறியீட்டைப் போட்டால், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டு விகிதம் 4.48, சாதாரண அளவு எழுத்துக்கு அந்த வழிகாட்டு நெறிகள் கேட்பது 4.5. மயிரிழையில் தோல்வி. #767676 என்று துளி கருமையாக்கினால் தேறிவிடும்.

தமிழ்ப் பக்கங்களுக்கென்று ஒரு பழைய கதையும் உண்டு. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறி தரும் யூனிகோடு பரவும் முன் பாமினி மாதிரி எழுத்துருக்களில் தளங்கள் நடந்தன. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பானுக்கு எழுத்துருவின் வடிவம் தெரியாதே, அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வாசிக்கும். பக்கம் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது, அணுகல் இருந்தது. பார்வையற்றவருக்கு அது தமிழாகவே இல்லை. இன்று யூனிகோடில் எழுதிவிட்டும், பக்கத்தின் மொழி தமிழ் என்று ‘லாங்’ பண்பில் குறிக்காமல் விட்டால், ஆங்கிலக் குரலிடம் தமிழைக் கொடுத்து வாசிக்கச் சொன்னது போல் ஆகலாம்.

எழுதும்போது நான் பிரித்துக்கொள்வது இப்படி. பெயராக வந்தால் அணுகல்தன்மை: ‘இந்தத் தளத்தின் அணுகல்தன்மை மோசம்’. அடைமொழியாக வந்தால் அணுகத்தக்க: ‘அணுகத்தக்க படிவம்’. கடவுச்சொல் தப்பானதால் வெளியே நிறுத்தும் அறிவிப்புக்கு ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்பதைவிட ‘அனுமதி இல்லை’ போதும், அங்கே அணுகு என்ற வினைக்கு வேலையே இல்லை.