குருத்தணு: ஸ்டெம் செல்லைத் தமிழ்ல எப்படிச் சொல்றது

வேற வேற செல்லைப் பொறக்க வைக்கிற தாய்ச் செல்தான் ஸ்டெம் செல், அதுக்குத் தமிழ்ல தண்டு செல், மூல உயிரணு, குருத்தணுன்னு பல பேரு ஓடுது. இதுல குருத்தணுதான் சரின்னு அடிச்சுச் சொல்வேன், அதுவும் எங்க கூடலூர் பக்கம் இந்தச் சொல்லு புத்தகத்துக்கு மட்டும் வேணுங்கிற சொல்லு இல்ல.

நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட அரிவாள் செல் ரத்தசோகை இருக்குன்னு 1952லயே லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எழுதிட்டாங்க, இந்தியாவுல இதைப் பத்தி வந்த ஆரம்ப காலப் பதிவுகள்ல அது ஒண்ணு. பணியர், குரும்பர், இருளர் வீடுகள்ல இன்னைக்கும் கை கால் மூட்டுன்னு உயிர் போற வலியில துடிக்கிற புள்ளைங்க இருக்கு. நல்ல சிவப்பணு 120 நாள் இருக்கும், அரிவாளா வளைஞ்சது 10, 20 நாள்லயே உடைஞ்சிடும். இதை வேரோட மாத்தணும்னா சிவப்பணுவைப் பொறக்க வைக்கிற செல்லையே மாத்தணும், டாக்டர் ஸ்டெம் செல்லுன்னு சொல்றது அதைத்தான்.

ஸ்டெம் செல்ங்கிற சொல்லோட பொறப்பு ஜெர்மன். 1868ல உயிரியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் 'ஸ்டாம்செல்ல'ன்னு எழுதினாரு. ஸ்டாம்னா அடிமரம், குலம்னும் அர்த்தம் உண்டு, வம்சாவளிக்கு அங்க ஸ்டாம்பௌம்னு பேரு. எல்லா உயிருக்கும் முன்னோரான ஒத்தச் செல் உயிரைத்தான் அவர் முதல்ல அப்படிச் சொன்னாரு, பின்னாடி கருவுற்ற முட்டைக்கும் சொன்னாரு, 1896ல பாப்பன்ஹைம்ங்கிற ஆராய்ச்சியாளர் அந்தச் சொல்லை ரத்தம் உண்டாக்குற செல்லுக்குக் கொண்டு வந்தாரு. இங்கிலீஷ்ல ஸ்டெம்னு ஆனதும் நம்ம ஆளுங்க அதைச் செடித்தண்டுன்னு எடுத்துக்கிட்டாங்க, குலங்கிற அர்த்தம் வழியிலயே விழுந்துபோச்சு. தண்டுன்னா கேக்குறவங்களுக்குத் தண்டுவடம்தான் ஞாபகம் வரும். மூலம்னா வேற வியாதி.

குருத்துங்கிறது வாழையில, பனையில நடுவுல இருந்து வர்ற இளசு, தானும் அழியாம இருந்துக்கிட்டு புதுசு புதுசா விட்டுக்கிட்டே இருக்கிற இடம். ரத்தக் குருத்தணுவும் அதையேதான் செய்யுது, தன்னை மாதிரியே இன்னொண்ணையும் உண்டாக்கும், சிவப்பணு வெள்ளையணு தட்டணு (பிளேட்லெட்)ன்னு பிரிஞ்சும் போகும். 1961ல டொரண்டோவுல டில், மெக்கல்லக் ரெண்டு பேரும் கதிர் பாய்ச்சின எலிக்கு, ரத்தக் குருத்தணு இருக்கிற எலும்பு மஜ்ஜையை ஏத்தி, மண்ணீரல்ல முடிச்சு முடிச்சா புது ரத்தச் செல் கூட்டம் வளர்றதைப் பார்த்தாங்க. 1988ல ஸ்டான்ஃபோர்டுல இர்விங் வைஸ்மன் குழு எலியோட ரத்தக் குருத்தணுவைத் தனியாவே பிரிச்சு எடுத்துச்சு.

அந்த வைஸ்மன்கிட்ட ஆராய்ச்சி பண்ணினவங்கதான் இம்மானுவேல் பசேகே, இப்போ கொலம்பியா பல்கலைக்கழகத்துல இருக்காங்க. அவங்க வேலையைப் புரிஞ்சுக்க இன்னொரு சொல்லு வேணும், இன்ஃப்ளமேஷன். லத்தீன்ல 'தீ மூட்டுறது'ன்னு அர்த்தம், தமிழ்ல அழற்சி, அழல்னா தீ, இவ்வளவு கச்சிதமா அமைஞ்ச கலைச்சொல் ரொம்பக் கம்மி. செவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறது அழற்சி. குருத்தணு பெரும்பாலும் தூங்கிக்கிட்டிருக்கும், எலியில ரொம்ப ஆழமாத் தூங்குறது ஏறக்குறைய 145 நாளைக்கு ஒரு தடவைதான் பிரியுது. கிருமி வந்து இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின்-1 மாதிரி புரதங்க வழியா அழற்சிச் செய்தி போனா முழிச்சுக்கும். தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணினா கட்டையில தூங்கின மொட்டெல்லாம் முளைக்குதில்ல, அப்படித்தான், ஆனா ஓயாம வெட்டிக்கிட்டே இருந்தா செடி ஓஞ்சுபோகும். இன்டர்லூக்கின்-1 கொஞ்ச நேரம் பட்டா குருத்தணு வெள்ளையணுக்களை வேகமா உண்டாக்குது, நாள்கணக்கா பட்டுக்கிட்டே இருந்தா தன்னைப் புதுப்பிச்சுக்கிற சக்தி குறைஞ்சுபோகுது, அதை நிறுத்தினா மறுபடி தேறிக்குதுன்னு பசேகே குழு 2016ல எலியில காட்டினாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்தக் கடைசிப் பாதிதான். அரிவாள் செல் உள்ள உடம்புல உடைஞ்ச சிவப்பணுவால அழற்சி அடங்குறதே இல்ல, அதனால இந்த ஆராய்ச்சி நமக்குத் தூரத்து விஷயம் இல்ல.

ஆக, ரத்தக் குருத்தணு, குருத்தணு மாற்று சிகிச்சைன்னு தாராளமா எழுதலாம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில 1986ல இருந்தே மஜ்ஜை மாற்று நடக்குது, அதுவும் குருத்தணு மாத்துறதுதான். கொடுக்கிறவங்ககிட்ட இருந்து எடுக்கிறது இடுப்பெலும்புல, இல்லன்னா ஊசி போட்டு குருத்தணுவை ரத்தத்துக்கு வரவச்சு கையில இருக்கிற ரத்தக் குழாய் வழியா எடுப்பாங்க, தண்டுவடத்துக்கிட்ட யாரும் போறதில்ல.