கழுத்து நெறிக்குள் இருக்கும் கட்டி எங்கிருந்து வந்தது?

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அதன் காரணத்தைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. வயலுக்குப் போகிறவர், தோணி தள்ளுகிறவர், திண்ணையில் இருக்கும் பெத்தா என்று பலர் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையைச் சப்பி ஒரு பக்கக் கொடுப்புக்குள் (கன்னத்தின் உட்பக்கத்தில்) நெடுநேரம் அடக்கி வைத்திருப்பார்கள். புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003 இல் அறிவித்துவிட்டது.

"கொடுப்பில இருந்ததை வெட்டி எடுத்தாச்சே டொக்டர், பிறகு ஏன் கழுத்தில நெறி கட்டினது?" என்று நோயாளியின் வீட்டார் கேட்பார்கள். நெறி என்பது நிணநீர்க்கணு. "பரவிட்டுது" என்பது சரியான பதில்தான். ஆனால் கட்டியின் எந்தப் பகுதி பரவியது, எப்போது புறப்பட்டது? இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் ஒரு துறை இப்போது வளர்ந்து நிற்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் நோவெல் 1976 இல் சொன்ன கருத்துதான் இதற்கு அடிப்படை. பெரும்பாலான கட்டிகள் ஒரே கலத்தின் சந்ததி. கலம் பிரியும்போதெல்லாம் 300 கோடி எழுத்துகள் கொண்ட டிஎன்ஏயைப் பிரதி எடுக்கிறது, இடையில் சில பிழைகள் விழுகின்றன. அந்தப் பிழைகளைத்தான் விகாரம் என்கிறோம். பெரும்பாலானவை எதையும் மாற்றாது. சில மட்டும் அந்தக் கலம் மற்றவற்றை முந்திப் பெருக உதவுகின்றன. நம் பக்கத்தில் பிள்ளைக்குத் தாயின் குடிதான், அதாவது தாய்வழி வம்சம்தான். மகளின் பிள்ளைகளுக்கும் அதே குடி. விகாரங்களும் அப்படியே இறங்குகின்றன. ஒரு கலத்தில் விழுந்த பிழை அதன் வழி வந்த எல்லாக் கலங்களிலும் இருக்கும். ஒரு கட்டிக்குள் இப்படிப் பல குடிகள் சேர்ந்து வாழ்கின்றன.

சரி, அவற்றை எப்படிப் பிரித்தறிவது? வெட்டி எடுத்த துண்டில் உள்ள டிஎன்ஏயின் ஒவ்வோர் இடத்தையும் பல தடவை வாசிக்கிறார்கள். எல்லாக் கலங்களின் டிஎன்ஏயும் கலந்து கிடப்பதால், எந்த வாசிப்பு எந்தக் கலத்துடையது என்று தெரியாது. விகிதம் மட்டும்தான் தெரியும். ஒரு துண்டில் 80 சதவீதம் புற்றுக்கலங்கள், மீதி சாதாரணக் கலங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கலத்திலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என டிஎன்ஏயின் இரண்டு பிரதிகள் உண்டு. எல்லாப் புற்றுக்கலங்களிலும், ஒரு பிரதியில் மட்டும் உள்ள விகாரம் 40 சதவீத வாசிப்புகளில் தெரியும். வேறொரு விகாரம் 10 சதவீதத்தில் மட்டும் தெரிகிறதா? அப்படியானால் அது மொத்தக் கலங்களில் 20 சதவீதத்தில் இருக்கிறது, அதாவது புற்றுக்கலங்களில் காற்பங்கில். முதலாவது மூத்தது, மற்றது பிந்தி வந்தது.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு விகாரம் புற்றுக்கலங்களில் 70 சதவீதத்திலும் இன்னொன்று 50 சதவீதத்திலும் இருந்தால், கூட்டுத்தொகை 120. நூறுக்குள் அது அடங்காது. ஆகவே சில கலங்களில் இரண்டும் இருந்தே ஆகவேண்டும். 300 கோடி எழுத்துகளில் அதே இடத்தில் அதே பிழை தனித்தனியாக இரண்டு தடவை விழுவது மிக அரிது. எனவே 50 சதவீதக் கூட்டம் 70 சதவீதக் கூட்டத்துக்குள் பிறந்தது. ஒரு கலத்தையும் தனியே பிரிக்காமல், வெறும் கூட்டலிலேயே தாய், மகள் உறவு வெளிப்பட்டுவிடுகிறது! 30, 20 என்று வந்தால் இப்படிச் சொல்ல முடியாது. அப்போது கட்டியின் இன்னொரு மூலையிலிருந்து ஒரு துண்டு வேண்டும். அங்கே 15, 40 என்று தலைகீழாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கவில்லை, இரண்டும் சகோதரிகள்.

உண்மையான கட்டியில் டிஎன்ஏயின் சில பகுதிகள் தொலைந்திருக்கும், சில பெருகியிருக்கும், வாசிப்பிலும் தவறுகள் வரும். அதனால் கணினி ஏராளமான வம்சமரங்களைப் போட்டுப் பார்த்து, எது எவ்வளவு பொருந்துகிறது என்று நிகழ்தகவால் தரப்படுத்துகிறது.

பரிசோதனைக்காக வெட்டி எடுக்கும் ஒரே ஒரு பயொப்சித் துண்டை நம்பினால் ஏமாந்துபோகலாம். 2012 இல் லண்டன் ஆய்வாளர்கள் சிறுநீரகக் கட்டிகளைப் பல இடங்களில் வெட்டிப் பார்த்தபோது, விகாரங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எல்லா இடங்களிலும் பொதுவாக இருக்கவில்லை.

இனிக் கழுத்துக்கு வருவோம். நெறியில் உள்ள கலங்களில் கொடுப்புக் கட்டியின் மூத்த விகாரங்களோடு அதன் ஒரு கிளைக்கு மட்டும் உரிய விகாரங்களும் இருந்தால், புறப்பட்டது அந்தக் கிளை. மூத்தவை சில மட்டும் இருந்து, எந்தக் கிளைக்கும் உரிய விகாரங்கள் இல்லாவிட்டால், கிளைகள் பிரியும் முன்பே அது புறப்பட்டிருக்க வேண்டும். வெற்றிலை போடுகிறவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. சில வருடங்கள் கழித்து மற்றக் கொடுப்பிலும் கட்டி வரலாம். வாய் முழுவதுமே நீண்டகாலம் பாதிக்கப்படுவதால் புதிய கட்டிகள் தனியாக முளைக்க முடியும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஸ்லோட்டரும் குழுவினரும் 1953 இலேயே எழுதினார்கள். இரண்டு கட்டிகளுக்கும் பொதுவான விகாரங்கள் இருந்தால் ஒரே குடி. ஒன்றுமே பொதுவில்லை என்றால் அது புதிய நோய், சிகிச்சை முடிவும் மாறக்கூடும்.

மருந்து கொடுக்கும் முறையிலும் இந்தக் கணக்கு நுழைந்திருக்கிறது. மருந்துக்குச் சாகும் கலங்களும் சாகாத கலங்களும் ஒரே இடத்துக்காகப் போட்டியிடுகின்றன. முன்னவற்றை முழுதாக அழித்தால் பின்னவற்றுக்குத் தடையே இல்லை. புளோரிடாவில் ரொபர்ட் கேட்டன்பி குழுவினர், புரொஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு நோயின் அளவைக் காட்டும் இரத்தக் குறிகாட்டி பாதியாகக் குறைந்ததும் மருந்தை நிறுத்தி, பழைய அளவுக்கு ஏறியதும் மீண்டும் கொடுத்தார்கள். 2017 இல் வெளியான முடிவில் இருந்தவர்கள் 11 பேர்தான். ஆனாலும் வழக்கமான மருந்தளவில் பாதிக்கும் குறைவாகவே செலவானது, நோயும் நீண்டகாலம் கட்டுப்பட்டிருந்தது. இதைக் கேள்விப்பட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. அங்கே ஒவ்வொரு நிறுத்தமும் அளந்து, மருத்துவரின் கண்காணிப்பில் நடந்தது.

புகையிலை சப்புவோரின் முரசிலும் (ஈறிலும்) கொடுப்பிலும் வரும் புற்றுநோயின் விகாரங்களை இந்திய ஆய்வுக்குழு ஒன்று 2013 இல் வெளியிட்டது. மற்ற நாட்டு வாய்ப்புற்றுநோய்களில் பெரிதாகத் தெரியாத சில பரம்பரையலகுகள் அதில் திரும்பத் திரும்ப அடிபட்டிருந்தன. அதனால்தான் நம்முடைய நோயாளிகளின் கட்டிகளும் வாசிக்கப்பட வேண்டும் என்கிறேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆய்வுகூடத்தில் மெழுகில் பதித்து வைக்கும் துண்டுகளிலிருந்தே டிஎன்ஏயை எடுக்கலாம். கொடுப்பின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொன்று, நெறியிலிருந்து ஒன்று எனத் தனித்தனியாகப் பெயரிட்டு வைத்திருந்தால், மேலே போட்ட அதே கூட்டலை அவற்றிலும் போட்டுப் பார்க்க முடியும்.