தேளின் வாலில் இருந்த வித்தை

'சைலன்சரைக் கழற்றிவிட்டால் வண்டி பறக்கும் என்கிறான் என் பையன், நிஜமா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பறக்காது, தெருவே எழுந்துகொள்ளும், அவ்வளவுதான். ஆனால் புகைக்குழாயை வைத்தே ஒரு கம்பெனி பிழைத்த கதை உண்டு.

கார்லோ அபார்த் 1908இல் வியன்னாவில் பிறந்தவர், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். இத்தாலியில் அவர் வேலை பார்த்த சிசிடாலியா என்ற கார் கம்பெனி நொடித்துப்போனதும், அங்கு மிஞ்சிய பந்தயக் கார்களோடு 1949இல் தன் பெயரில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். பந்தயத்தில் பெயர் கிடைத்தது. சோறு போட்டதோ, ஃபியட் போன்ற கார்களுக்கு அவர் செய்து விற்ற சைலன்சர்.

குழாயில் அப்படி என்ன வித்தை? நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பள்ளியில் படித்ததுதான். வெளியேற்று வால்வு திறந்ததும் சூடான வாயு குழாய்க்குள் ஓர் அழுத்த அலையை உதைத்து அனுப்புகிறது. அந்தச் சூட்டில் ஒலி வினாடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். அலை குழாயின் திறந்த முனையைத் தொட்டதும் ஒரு வேடிக்கை நடக்கிறது: தள்ளிக்கொண்டு போனது, உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது! அது வந்துசேரும் நேரத்தில் உள்வால்வும் சற்றே திறந்திருந்தால், சிலிண்டரில் தங்கிய புகையை வெளியே இழுத்து, புதிய பெட்ரோல்-காற்றுக் கலவையையும் கூடவே இழுத்துவிடும். செலவில்லாத பம்பு.

நேரம் தப்பினால் பலனில்லை. குழாய் 1 மீட்டர் என்றால் அலை போய்வர ஏறக்குறைய 4 மில்லி வினாடி. 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், அதற்குள் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) 144 டிகிரி சுற்றியிருக்கும். 3000இல் 72 டிகிரிதான். ஆகவே குழாயின் நீளமே எந்த வேகத்தில் எஞ்சின் துள்ளும் என்பதை முடிவு செய்கிறது. நாதஸ்வரத்தில் நீளம் சுதியை முடிவு செய்வது போலத்தான். குழாயைக் கண்டபடி அறுத்தால் சுதி போய்விடும், பையனிடம் சொல்லுங்கள்.

அபார்த்தின் சின்னம் தேள். நவம்பரில் பிறந்ததால் விருச்சிக ராசியாம். ஐரோப்பாவில் ராசி சூரியனை வைத்து, நமக்கோ சந்திரனை வைத்து. நம்மூர் ஜோதிடர் அவருக்கு நண்டையோ மீனையோ கூடக் கொடுத்திருப்பார். நல்லவேளை, குழாயை வெட்ட அபார்த் ஜாதகம் பார்க்கவில்லை.

1965இல் இத்தாலியின் மோன்சா பந்தயத் தளத்தில் ஒற்றை இருக்கைக் காரில் முடுக்கச் சாதனைக்கு, அதாவது சட்டென வேகமெடுக்கும் சாதனைக்கு, இறங்கினார். வயது 56. இருக்கையில் உடம்பு நுழையவில்லை. காரை அகலமாக்காமல், ஆப்பிள் தின்று ஏறத்தாழ 30 கிலோ இளைத்து, உள்ளே நுழைந்து, சாதனையும் படைத்தார். 1971இல் நிறுவனத்தை ஃபியட் வாங்கிக்கொண்டது. தேள் இன்னும் ஃபியட் 500இன் அபார்த் வகைகளின் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது.