உருண்டை இருந்தால் ககாரினா?

போன வாரமும் ஒரு படம் வந்தது. பழைய பேனல், அதில் சின்னதாக ஒரு பூமி உருண்டை. கூடவே ஒரு குறிப்பு: "ககாரின் பறந்த வஸ்தோக்கின் கட்டுப்பாட்டுப் பலகை. நாளை அச்சுக்குப் போகிறது, சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்." சொல்லவில்லை. பேனலில் தொலைக்காட்சித் திரை இருந்தது. விண்வெளிக்கு முதன்முதலில் போன ககாரினின் கலமான வஸ்தோக்கில் அவரைப் படம்பிடிக்கக் கேமரா உண்டு, அவர் பார்க்கத் திரை கிடையாது. அது பின்னாளில் வந்த ரஷ்யக் கலமான சோயுஸ்.

கண்காட்சிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் விண்கல உட்புறப் படங்களைச் சரிபார்த்துத் தருவது என் வேலை. எந்த ஸ்விட்ச் எதற்கு, எந்தக் கைப்பிடி எந்தக் கலத்தில் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன். தப்பு வருவது சகஜம். ஆனால் இந்த உருண்டைத் தப்பு மட்டும் வருடம் தவறாமல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அந்தக் கருவியின் பெயர் குளோபஸ். கலத்துக்கு வெளியே எதையும் அதற்குப் பார்க்கத் தெரியாது. சுற்றுப்பாதையின் கணக்கைக் கையால் அமைத்துவிட்டால், உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் உருண்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் உள்ள குறிக்கு அடியில் எந்த ஊர் வருகிறதோ, கலம் அதன் மேலே இருக்கிறது என்று அர்த்தம். ஸ்விட்சை மாற்றினால் உருண்டை கொஞ்சம் உருண்டு, இப்போதே வேகம் குறைக்கும் எஞ்சினை இயக்கினால் எங்கே இறங்குவோம் என்று காட்டும். அழகான சாதனம். அழகாக இருப்பதால்தான் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். 1961-இல் வஸ்தோக்கில் இருந்தது. அப்புறம் சோயுஸிலும் பல பத்தாண்டுகள் இருந்தது. 2002-இல் சோயுஸின் புதிய வடிவமான டிஎம்ஏ வந்தபோதுதான் விடைபெற்றது. போதாததற்கு, 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் பறந்த அமெரிக்க மெர்குரி கலத்திலும் இதே வேலைக்கு ஒரு குட்டி உருண்டை இருந்தது. ஆக, உருண்டையை வைத்து நாட்டைக்கூடச் சொல்ல முடியாது. எழுத்து ரஷ்யனா ஆங்கிலமா என்று பார்த்தால் நாடு தெரியும், கலம் தெரியாது.

பின்னே எதை வைத்துச் சொல்வது? ஒரு பொருளைப் பார்க்காதீர்கள், அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். வஸ்தோக் என்றால் வீரரின் கால்பக்கத்தில் வஸோர் என்ற ஒளியியல் கருவி இருக்க வேண்டும்; அதன் வழியே பூமியைப் பார்த்துத்தான் கலத்தின் திசையை நிறுத்துவார்கள். ஆறு பொத்தான் கொண்ட எண் பூட்டும் இருக்க வேண்டும். எடையற்ற நிலையில் மனிதருக்குப் புத்தி பேதலிக்குமோ என்று பயந்து, கையால் ஓட்டும் வசதியைப் பூட்டி, 125 என்ற எண்ணை உறையில் போட்டு ஒட்டி வைத்தார்கள். அப்புறம் மனசு கேட்காமல் தலைமை வடிவமைப்பாளர் கொரல்யோவ் உட்பட ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அதைக் ககாரினிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்! கடைசியில் அது தேவைப்படவில்லை.

மெர்குரியை அடையாளம் காண எல்லோரும் பேனலின் கீழே நடுவில் உள்ள பெரிஸ்கோப் வட்டத்தைத் தேடுவார்கள். நல்ல வழிதான், ஆனால் 1963-இல் கூப்பர் பறந்த கலத்தில் அதை எடுத்துவிட்டார்கள். மெர்குரியில் முதலில் பறந்த ஷெப்பர்டின் கலத்தில் சின்னத் துவாரங்கள்தான், பெரிய ஜன்னல் அடுத்துப் பறந்த கிரிஸமின் கலத்தில்தான் வந்தது. ஒரே பெயர் கொண்ட கலம் என்பதற்காக ஒரே பேனல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 55 மின் ஸ்விட்சுகள், 30 ஃபியூஸ்கள், 35 இயந்திர நெம்புகோல்கள் என்று புத்தகத்தில் இருப்பதை எண்ணிப் பார்த்து "குறைகிறதே" என்று எனக்கு எழுதுகிறவர்களுக்கும் இதே பதில்தான். (இருட்டில் பேனலைப் படிக்கக் கையுறையின் விரல்நுனியிலேயே குட்டி விளக்கு வைத்திருந்தார்கள். அதைக் கண்காட்சிப் பொம்மையில் போட மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.)

மெர்குரிக்கு அடுத்து வந்த அமெரிக்கக் கலமான ஜெமினியில் முழங்கால்களுக்கு நடுவே ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஒரு வளையம் இருக்கும். தயவுசெய்து அதை "பெல்ட் கொக்கி" என்று எழுதாதீர்கள். இழுத்தால் இருக்கையோடு வெளியே தூக்கி எறிந்துவிடும். 1965 டிசம்பர் 12 அன்று ஜெமினி 6ஏ கிளம்பும் நொடியில் எஞ்சின் பற்றி உடனே அணைந்தது. விதிப்படி தளபதி ஷிர்ரா வளையத்தை இழுத்திருக்கலாம். கலம் தரையை விட்டு எழும்பவில்லை என்பதை உடம்பாலேயே உணர்ந்து, அவர் இழுக்கவில்லை. மூன்று நாளில் அதே ராக்கெட் பறந்தது.

நிலவுக்குப் போன அப்போலோவின் கட்டளைக் கலத்தில் 566 ஸ்விட்சுகள். கை தெரியாமல் பட்டுவிடக் கூடாது என்று ஸ்விட்சுகளின் இரு பக்கமும் சின்ன உலோக வளைவுகள். படத்தில் அந்த வளைவு இல்லாமல் வழவழவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இத்தனை ஸ்விட்சில் எது எங்கே என்பது அதில் பறந்தவர்களுக்கே சோதனைதான். 1969 நவம்பரில் அப்போலோ 12-ஐ மின்னல் தாக்கியது. தரைக் கட்டுப்பாட்டில் இருந்த ஜான் ஆரன், கலத்தின் அளவீடுகளைத் தரைக்கு அனுப்பத் தக்கபடி மாற்றும் கருவியான 'எஸ்சிஇ'-ஐ, துணை நிலையான 'ஆக்ஸ்'-க்கு மாற்றச் சொன்னார். தளபதி கான்ராடுக்கு அது என்னவென்றே புரியவில்லை. வலது பக்கம் இருந்த ஆலன் பீனுக்கு மட்டும் அந்த ஸ்விட்ச் இருக்கும் இடம் நினைவிருந்தது. போட்டார், தரைக்குத் தகவல்கள் மறுபடி ஒழுங்காக வந்தன.

இனி காசு விஷயம். போன மாதம் ஒருவர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே பஞ்சில் பொதிந்த ஒரு ஸ்விட்ச். "நிலவில் இறங்கிய கலத்திலிருந்து எடுத்தது" என்று அச்சடித்த சான்றிதழ். லேபிள் ஒரு ஓரத்தில் எழும்பியிருந்தது, நகத்தால் நெருடியதும் கையோடு வந்துவிட்டது. ஐயா, நிலவில் இறங்கிய கலம் எதுவும் பூமிக்குத் திரும்பவில்லை! அடிப்பாகம் நிலவிலேயே நிற்கிறது, மேல்பாகத்தைச் சுற்றுப்பாதையில் கழற்றிவிட்டார்கள். வீரர்கள் தாங்களே கழற்றி எடுத்துவந்த ஒருசில பொருட்களைத் தவிர, உங்களிடம் "இறங்கு கலத்து ஸ்விட்ச்" இருந்தால் அது பயிற்சிக் கலத்தினுடையதாக இருக்கலாம், ஏதோ பழைய கருவியினுடையதாக இருக்கலாம். அப்போலோ 11-இல் முனை உடைந்துபோனதால் ஆல்ட்ரின் பேனாவால் அழுத்திய அந்தப் புகழ்பெற்ற சர்க்யூட் பிரேக்கரும் (மின் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) திரும்பி வராதவற்றில் அடக்கம். அதை "அசல்" என்று சொல்லி இதுவரை மூன்று பேர் என்னிடம் காட்டியிருக்கிறார்கள்.

எனவே, வாங்கும் முன் கேளுங்கள், வாங்கிய பின் கேட்காதீர்கள். எந்தக் கலம், எந்தப் பயணம், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, இந்த மூன்றுக்கும் காகிதம் இல்லாமல் பணத்தை எடுக்க வேண்டாம். படத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் அது பறந்த கலமா, பயிற்சிக் கலமா, மாதிரியா என்று முதலில் கண்டுபிடியுங்கள். தெரியாவிட்டால் "விண்கல பேனல்" என்று மட்டும் எழுதுங்கள், குறைந்துபோக மாட்டீர்கள்.

எனக்கு அனுப்புகிறவர்கள் ஒரு ஸ்விட்சை மட்டும் நெருக்கத்தில் எடுத்து அனுப்ப வேண்டாம். முழுப் பேனல் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பக்கத்தில் ஒரு அளவுகோல். ஃபிளாஷ் போடாதீர்கள், எழுத்து வெளிறிவிடும். அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் இரவு வேண்டவே வேண்டாம்.