முகத்தில் வெடிக்கும் கரிசல்

“அதே முல்தானி மெட்டி, அதே பன்னீர். ஆகஸ்டில் பூசினால் முகம் பளிச்சென்று இருக்கிறது. ஜனவரியில் தோல் உரிகிறது. பாக்கெட்டில் கலப்படமா?” என்று டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மண்ணின் மேல் பழி போட வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் கோடையில் கரிசல் நிலம் வாய் பிளந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். கரிசலுக்கு அந்தக் குணத்தைத் தருவது மான்ட்மோரில்லோனைட் குடும்பத்துக் களிமண். முல்தானி மெட்டியிலும் பெரும்பாலும் அதேதான். பெயர் பாகிஸ்தானின் முல்தான் நகரத்திலிருந்து வந்தாலும், ராஜஸ்தானின் பார்மர், பிகானேர் பக்கமும் இது வெட்டியெடுக்கப்படுகிறது.

இந்தக் களிமண் அப்பளக்கட்டு மாதிரி. ஒவ்வோர் அப்பளமும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன்: மேலும் கீழும் சிலிக்கா, நடுவில் அலுமினா. சில இடங்களில் அலுமினியத்தின் இருக்கையில் மெக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் தகட்டுக்கு எதிர்மின்சுமை. அதை ஈடுகட்ட இடுக்குகளில் சோடியம், கால்சியம் அயனிகள் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த அயனிகள் நீர் மூலக்கூறுகளை உள்ளே இழுக்க, தகடுகள் விலகி மண் உப்புகிறது. சுத்தமான மான்ட்மோரில்லோனைட் 1 கிராம் முழுக்க விரிந்தால் 700 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. ஐந்து கபடி மைதானம்!

“மின்சுமை நச்சுகளை இழுக்கும்” என்ற விளம்பரம் இங்கேதான் பிறக்கிறது. அந்தச் சுமை இழுப்பது நேர்மின் அயனிகளை. முகத்து எண்ணெய்க்குப் பெரும்பாலும் சுமை கிடையாது. அது மண்துகள்களின் இடைவெளியில், திரியில் விளக்கெண்ணெய் ஏறுவதுபோல ஏறுகிறது. அதுவும் மேலாக இருக்கும் எண்ணெய்தான். நச்சை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கும் வேலை. ஸ்டீல் கிண்ணத்தில் கலந்தால் சக்தி போய்விடும் என்பதும் இதே ரகம். பத்து நிமிடத்தில் ஸ்டீலுக்கு ஒன்றும் ஆகாது. காப்புரிமை வாங்க முடியாத மலிவான மண்ணை ஒழுங்காகப் பரிசோதிக்க எந்த கம்பெனி பணம் போடும்? அரசு நிதிதான் வர வேண்டும் என்பது என் கட்சி.

இனி காய்தல். மேல்பரப்பில் நீர் ஆவியாக, துகள்களுக்கிடையே மிஞ்சிய நீர் அவற்றை ஒன்றோடொன்று இறுக்குகிறது. பூச்சு சுருங்கப் பார்க்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் தோல் விடுவதில்லை. முகம் பிடித்து இழுப்பது இதனால்தான். இழுவை மண்ணின் வலுவைத் தாண்டினால் வெடிப்பு. அதற்குள் தோலின் மேலடுக்கும் ஈரத்தை இழந்திருக்கும். அந்த அடுக்கு 10–20 மைக்ரான்தான், காகிதத்தைவிட மெல்லியது.

கடிகாரத்தை நம்பாதீர்கள், நிறத்தைப் பாருங்கள். ஈர மண்ணில் துளைகளை நீர் நிரப்பியிருப்பதால் ஒளி குறைவாகச் சிதறி, மண் கருமையாகத் தெரியும். காற்று புகுந்ததும் வெளுக்கும். ஓரம் வெளுத்து, கன்னத்தின் நடு இன்னும் கருத்திருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆகஸ்டுப் புழுக்கத்தில் இதற்கு 15 நிமிடம் ஆனால், ஹீட்டர் ஓடும் அறையில் அதில் பாதிகூட ஆகாது. வெளியே மூடுபனி இருந்தாலும், குளிர்காற்றைச் சூடாக்கியதும் அதன் ஒப்பு ஈரப்பதம் சரிந்துவிடும். அந்த வாசகியின் ஜனவரிச் சிக்கல் இதுதான்.

அளவு: 2 டீஸ்பூன் பொடிக்கு 2 டீஸ்பூன் பன்னீர், குளிர்காலத்தில் கூடவே அரை டீஸ்பூன் கிளிசரின். அது நீரைப் பிடித்துவைத்துக் காய்தலைத் தாமதப்படுத்தும். கலந்ததும் பூசாமல் 10 நிமிடம் ஊறவிடுங்கள். தகடுகள் விரிய நேரம் வேண்டும், இல்லையென்றால் கட்டி தட்டும். இறுகினால் இன்னும் கொஞ்சம் பன்னீர். ஒரு ரூபாய் நாணயத் தடிமனில் பூசினால் போதும். கண்ணோரமும் உதடும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு சேர்க்காதீர்கள். அதன் பி.எச். (குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 அளவில், தோலினுடையது 5 பக்கம், எரிச்சல் வரலாம்.

எடுக்கும்போது சுரண்டினால் மண்ணோடு தோலும் வரும். தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் விட்டால் மண் மறுபடி உப்பித் தானே பிடியைத் தளர்த்தும். பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் உலர்வதற்குள் மாய்ஸ்சரைசர் போடுங்கள். எண்ணெய்ப் பசை முகத்துக்கு வாரம் ஒருமுறை. இரவில் ரெட்டினால், அடாபலீன் (சுருக்கத்துக்கும் பருவுக்கும் பூசும், தோலை உலர்த்தக்கூடிய மருந்துகள்) போடுகிறவர்களும், உதடு வெடிக்கும் ஜனவரியில் எண்ணெய்ப் பசை இல்லாத மற்றவர்களும் டப்பாவை மூடியே வைக்கலாம்.